வைஃபை அலை காவல் காக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வைஃபை அலைகளைக் கொண்டே ஒரு கட்டடத்துக்குள் ஆள் நடமாட்டத்தை அறிய முடியும் என்று கடந்த இதழில் நான்கு வரிக் குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதை ஒட்டிக் கடிதங்கள் பல வந்தன. ஒரே பொருள் கொண்டவற்றை ஒன்றாக்கி, இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரேடார் என்றால் தானே ஓர் அலையை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புவதைப் பிடிப்பது என்றுதான் பாடத்தில் படித்திருக்கிறேன். எதையும் அனுப்பாமல், யாருடைய ரௌட்டரோ அனுப்பும் அலையை வைத்துக்கொண்டு ஓர் ஆளைக் கண்டறிவது எப்படி?
– இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர்

பதில்: நீங்கள் படித்தது ரேடாரின் ஒரு வகை மட்டுமே. அலையை அனுப்பும் கருவியும் அதன் எதிரொலியைப் பிடிக்கும் கருவியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிரிட்டனின் ரேடார் முயற்சியே இரவல் அலையில்தான் தொடங்கியது. 1935 பிப்ரவரி 26 அன்று ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்டு வில்கின்ஸும், டாவென்ட்ரியில் இருந்த பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு நிலையத்தை அலைமூலமாகக் கொண்டு, மேலே பறந்த ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் சுமார் 13 கிலோமீட்டர் தொலைவு வரை பின்தொடர்ந்து காட்டினார்கள். ஒலிபரப்பு நிலையத்துக்கு இப்படி ஒரு சோதனைக்காகத் தனியாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது தன் போக்கில் அலையை வெளியிட்டுக்கொண்டிருந்தது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர், பிரிட்டனின் கடற்கரை ரேடார் நிலையங்கள் வெளியிட்ட அலைகளையே பயன்படுத்தி, 'கிளைன் ஹைடல்பெர்க்' என்ற அமைப்பால் பிரிட்டனின் விமானங்களைக் கவனித்தார்கள். எதிரியின் விளக்கு வெளிச்சத்தில் எதிரியையே பார்த்த கதை அது.

டாவென்ட்ரிச் சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. வைஃபை ரேடாரும் அதையே நம்பியிருக்கிறது. ஒலிபரப்பியிலிருந்து நேராக வரும் அலை, விமானத்தில் பட்டு வரும் அலையைவிடப் பல மடங்கு வலிமையானது. ஆகவே இரண்டு ஆன்டெனாக்களை வைத்து, ஒன்றில் வரும் நேரடி அலையை மற்றொன்றில் வருவதற்கு எதிராக நிறுத்தி, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்தார்கள். மிஞ்சியது விமானத்தின் எதிரொலி. தானே எதையும் அனுப்பாமல் பிறர் அலையைக் கொண்டு இயங்கும் ரேடாரைப் பாசிவ் ரேடார் என்கிறார்கள். இன்றும் அந்தக் கருவியில் அலையைப் பெறும் இரண்டு தடங்கள் இருக்கும். ஒரு தடம் ரௌட்டரை நோக்கியது. அது அனுப்பப்பட்ட அலையின் நகலைத் தூய்மையாகப் பெறுகிறது. மற்றொரு தடம் கண்காணிக்க வேண்டிய இடத்தை நோக்கியது. அதில் நேரடி அலை, சுவர்களின் எதிரொலி, ஆளின் எதிரொலி எல்லாம் கலந்து வருகின்றன. இரண்டாவதிலிருந்து நேரடி அலையையும் அசையாத பொருள்களின் எதிரொலியையும் கணக்கிட்டுக் கழித்துவிட்டு, எஞ்சியதை முதல் தடத்தின் நகலோடு பொருத்திப் பார்க்கிறார்கள். நகலை எவ்வளவு நேரம் தாமதப்படுத்தி, அதன் அதிர்வெண்ணை எவ்வளவு நகர்த்தினால் இரண்டும் பொருந்துகின்றன என்று தேடுவதுதான் கணக்கு. தாமதம் தொலைவைச் சொல்கிறது. அதிர்வெண் நகர்வு, அதாவது டாப்ளர் விளைவு, வேகத்தைச் சொல்கிறது.

எதிரொலி எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். ரௌட்டருக்கும் கருவிக்கும் இடையே 5 மீட்டர், ஆள் இரண்டிலிருந்தும் 10 மீட்டர் என்று திறந்த வெளியில் கணக்கிட்டால், ஆளின் மேல் பட்டு வருவது நேரடி அலையின் வலிமையில் ஏறத்தாழ 5,000-இல் ஒரு பங்கு. இடையில் சுவர் வந்தால் அது இன்னும் குறையும். அப்படியிருந்தும் இது நடக்கக்கூடியதே என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஆய்வாளர்கள் கெவின் செட்டி, கிரேம் ஸ்மித், கார்ல் உட்பிரிட்ஜ் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். செங்கல் சுவருக்கு அப்பால் நடந்த ஆளை, சுவருக்கு இப்பால் இருந்துகொண்டு, வைஃபை அலையைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாமல் கண்டறிந்தார்கள்.

கேள்வி: நான் ஒரு கிடங்கின் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். இரவுக் காவலுக்குக் கேமராக்களும், உடல் வெப்பத்தை உணரும் சென்சார்களும் வைத்திருக்கிறோம். வைஃபை ரேடார் வந்துவிட்டால் இவற்றை எடுத்துவிடலாம் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். நம்பலாமா?
– பாதுகாப்பு அலுவலர் ஒருவர்

பதில்: எடுத்துவிட வேண்டாம். சேர்த்துக்கொள்வதாக இருந்தால் யோசிக்கலாம். இந்த முறைக்கு எது வரும், எது வராது என்பதைப் பிரதிநிதி சொல்லமாட்டார் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சுட்டும் திறன். ஒரு ரேடார் அருகருகே உள்ள இரண்டு பொருள்களைத் தொலைவால் பிரித்துக் காட்டுவது, அது பயன்படுத்தும் அலைப்பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. ஒளியின் வேகத்தை அந்த அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் அளவு கிடைக்கும். வைஃபையின் வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இது 7.5 மீட்டர். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 160 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆகவே பழைய ரௌட்டரை வைத்துக்கொண்டு 'மூன்றாவது அடுக்குக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார்' என்று எதிரொலியின் தாமதத்தை மட்டும் கொண்டு சொல்ல இயலாது. இதையும் குறை என்று சொல்வது நியாயமாகாது. எஃப்எம் ஒலிபரப்பைக் கொண்டு விமானங்களைத் தேடும் பாசிவ் ரேடாருக்கு இந்த அளவு கிலோமீட்டர் கணக்கில் வரும்.

வேகத்தை உணர்வதில்தான் வைஃபையின் பலம் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி நடந்து வருபவர் அந்த அலையின் அதிர்வெண்ணைச் சுமார் 16 ஹெர்ட்ஸ் நகர்த்துகிறார். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் அது இரு மடங்கு. ஒரு நொடி நேரம் சேர்த்துக் கவனித்தால் ஒரு ஹெர்ட்ஸ் வேறுபாட்டையும் பிரித்தறியலாம் என்பதால், மெதுவாக நடப்பவர்கூட அசையாத சுவர்களிலிருந்தும் அடுக்குகளிலிருந்தும் தனியாகத் தெரிவார்.

ஆனால் இரவில் ஒரு சிக்கல் வரும். யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் ரௌட்டர் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். தன் இருப்பை அறிவிக்கும் சிறு சிக்னலை மட்டும் 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குப் பத்துக்கும் சற்றுக் குறைவாக, அனுப்பும். 16 ஹெர்ட்ஸ் நகர்வைக் குழப்பமில்லாமல் அளக்க நொடிக்கு 32 முறைக்கு மேலாவது அலை வர வேண்டும். பத்து முறை மட்டும் வந்தால், நொடிக்கு 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எந்த வேகமும் தவறான வேகமாகவே பதிவாகும். ஏதோ அசைகிறது என்பது தெரியலாம். எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பது தெரியாது. திருடன் வரும் நேரமும் கட்டடத்தில் அலை மிகக் குறைவாக இருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவது இந்த முறையின் பெரிய முரண். அதனால்தான் பல கருவிகள் ரௌட்டரிடம் இடைவிடாமல் ஏதாவது கேட்டு, அதைப் பதில் அனுப்ப வைக்கின்றன. அப்படிச் செய்யும் கருவி முழுமையான பாசிவ் ரேடார் ஆகாது. காவலுக்கு அது நல்லதே. உங்களிடம் காட்டப்படும் கருவி இதைச் செய்கிறதா என்று பிரதிநிதியிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது வீண் எச்சரிக்கை. மின்விசிறி, காற்றில் ஆடும் திரைச்சீலை, அதிரும் தகரக் கதவு, எலி, பூனை என அசைவது எதுவானாலும் அலையைக் கலைக்கும். மின்விசிறி ஒரே சீராகச் சுழல்வதால் அதன் தடத்தை மென்பொருள் கற்றுக்கொண்டு ஒதுக்கிவிட முடியும். திரைச்சீலையும் பூனையும் அப்படி இல்லை. சுவரைக் கடந்து உணரும் திறனே இங்கு வினையாகவும் ஆகிறது. பொதுச் சுவருக்கு அப்பால் பக்கத்துக் கட்டடத்தில் நடப்பவரும் உங்கள் எச்சரிக்கையை எழுப்பலாம். கேமராவுக்கு எல்லை அதன் சட்டகம். அலைக்கு அப்படி ஒரு கோடு கிடையாது.

உங்கள் கிடங்கில் இரும்பு அடுக்குகள் வரிசையாக இருக்குமானால் அவற்றுக்குப் பின்னால் நிழல் விழும். மரம், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் ஆகியவற்றை அலை கடந்துவிடும், உலோகத்தை அல்ல. வெப்பச் சென்சாருக்கோ அட்டைப்பெட்டி குறுக்கே இருந்தாலே பார்வை போய்விடும்; அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போதும் அது தடுமாறும். இரண்டின் குறைகளும் வெவ்வேறு என்பதால்தான் இரண்டையும் சேர்த்து வைப்பது பயன் தருகிறது. வைஃபை அமைப்பை வாசலில் ஒலிக்கும் மணியாகக் கொள்ளுங்கள்: அது ஒலித்தால், வந்தது யார் என்று கேமராவிடம் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று. மின்சாரத்தைத் துண்டித்தால் ரௌட்டர் நின்றுவிடும். அலையை முடக்கும் கருவியைக் கொண்டு வந்தாலும் இதே கதிதான். ஆகவே ரௌட்டருக்கும் கருவிக்கும் பேட்டரித் துணை இருக்க வேண்டும். அலை திடீரென வராமல் போவதையே ஓர் எச்சரிக்கையாகக் கருதும்படி அமைப்பைச் செய்ய வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: வைஃபைக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் வெளியாள் எவரும் அதை ரேடாராகப் பயன்படுத்த முடியாது அல்லவா?
– வாசகி ஒருவர்

பதில்: முடியும். கடவுச்சொல்லோடு வரும் மறைகுறியாக்கம் அலையில் ஏற்றப்பட்ட செய்தியைத்தான் காக்கிறது. ரேடாருக்குச் செய்தி தேவையில்லை. அலை எந்த வடிவில் கிளம்பி எப்படிக் கலைந்து வந்து சேர்ந்தது என்பது போதும். ஒவ்வொரு வைஃபை சிக்னலின் தொடக்கத்திலும், பெறும் கருவி தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதற்காக, எல்லோரும் அறிந்த ஒரு மாதிரி வடிவம் மறைக்கப்படாமலே அனுப்பப்படுகிறது. அது எப்படி மாறி வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு எந்தக் கடவுச்சொல்லும் வேண்டாம்.

கேள்வி: சுவருக்கு அப்பால் இருப்பவர்களின் கை, கால் அசைவைக்கூட வைஃபை படம் பிடித்துக் காட்டுவதாகக் காணொளிகள் வருகின்றன. உண்மையா, கண்கட்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஆய்வு உண்மை, அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் மிகை.

2013-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் டினா கட்டாபியும் ஃபடெல் அடிபும், சுவருக்கு அப்பால் எத்தனை பேர் அசைகிறார்கள், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று சொல்லும் கருவியைச் செய்து காட்டினார்கள். அது வைஃபை அலைவரிசையில் தானே அலையை அனுப்பிய கருவி. பாசிவ் ரேடார் அல்ல. இரண்டு ஆன்டெனாக்கள் அனுப்பும் அலைகள் சுவரின் எதிரொலியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். டாவென்ட்ரியில் செய்த அதே வேலையின் மறுபக்கம் இது என்பதை மாணவர் கவனிக்கலாம்.

நீங்கள் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் இதற்குப் பின்வந்த வேறொரு வகையைச் சேர்ந்தவை. 2022 இறுதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், மூன்று அனுப்பும் ஆன்டெனாக்களுக்கும் மூன்று பெறும் ஆன்டெனாக்களுக்கும் இடையில் அலை கலைவதைப் பதிவு செய்து, அதிலிருந்து மனித உடலின் நிலையை வரைந்து காட்டினார்கள். அங்கே அலை ஒரு படத்தை எடுக்கவில்லை. அதே அறையில் கேமராவும் அலைப்பதிவும் ஒன்றாக ஓடியபோது, 'அலை இப்படிக் கலைந்தால் உடல் இப்படி இருக்கும்' என்று ஒரு நரம்பியல் வலையமைப்பு, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பழகும் கணினி நிரல், கற்றுக்கொண்டது. பிறகு கேமராவை எடுத்துவிட்டு அலையைக் கொண்டு அது ஊகிக்கிறது. ஊகம் பழகிய அறையில் வியக்கும்படி சரியாக இருக்கிறது. அறையின் அமைப்பு மாறியபோது துல்லியம் குறைந்ததை அந்த ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். மேசையை நகர்த்தினாலே அலை செல்லும் பாதைகள் மாறிவிடும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. திருடன் நுழையும் அறையில் முன்கூட்டியே கேமரா வைத்துப் பழக்கியிருந்தால், அந்தக் கேமராவையே விட்டுவைத்திருக்கலாமே என்ற கேள்வியும் எழுகிறது.

அசையாமல் இருப்பவரைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். மூச்சு விடும்போது மார்பு 5 மில்லிமீட்டர் முன்வந்தால், அலை போய்வரும் பாதை 10 மில்லிமீட்டர் மாறும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர் என்பதால் அது ஒரு முழுச் சுற்றில் ஆறில் ஒரு பங்கு. அமைதியான அறையில் இதை அளந்து மூச்சை எண்ணுவது ஆய்வகங்களில் வழக்கமாகிவிட்டது. வேறு ஒருவர் அதே அறையில் நடந்தால் அந்தச் சிறு அலைவு மூழ்கிப்போகும்.

கேள்வி: இதனால் வீட்டில் கதிர்வீச்சு கூடுமா?
– வாசகர் ஒருவர்

பதில்: பாசிவ் ரேடார் எதையும் அனுப்புவதில்லை என்பதால் அதனால் சிறிதும் கூடாது. ரௌட்டரை அடிக்கடி பேச வைக்கும் வகைக் கருவியில் அது அலை அனுப்பும் நேரம் கூடும். ஆயினும் அப்போதும் பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கும்போது அனுப்புவதைவிட அதிகமாக அனுப்பாது.

கேள்வி: அப்படியானால், தெருவில் நிற்கும் ஒருவர் என் வீட்டு ரௌட்டரின் அலையைப் பிடித்து, வீட்டில் ஆள் இருக்கிறார்களா, எந்த அறையில் இருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ள முடியுமா? திருட்டைத் தடுக்க வந்த கருவி திருடனுக்கே உதவுமா?
– தனியாக வசிக்கும் வாசகி ஒருவர்

பதில்: உதவும். இந்தக் கேள்வி மற்றவற்றைவிட முக்கியமானது என்பது என் எண்ணம். காவலுக்காக இதை விற்பவர்கள் யாரும் இதைத் தாமாக எழுப்புவதில்லை.

2020-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு இதையே செய்து பார்த்து வெளியிட்டது. வெளியே நிற்பவர் முதலில் வீட்டைச் சுற்றி நடந்து, சிக்னலின் வலிமை ஏறி இறங்குவதைக் கொண்டு, உள்ளே அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும் வைஃபை சாதனங்கள் எந்தெந்த அறையில் உள்ளன என்று ஊகிக்கிறார். பிறகு ஓரிடத்தில் ஒரு சிறு கருவியை வைத்து, ஒவ்வொரு சாதனத்தின் சிக்னலும் எப்போது நடுங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எந்தச் சாதனத்தின் சிக்னல் நடுங்குகிறதோ அந்த அறையில் நடமாட்டம். அவர் எதையும் அனுப்பாததால் உங்கள் வீட்டில் எந்தக் கருவியாலும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் பேச்சுக்குப் பதில் சொல்லும் ஒலிபெருக்கி, கேமரா, தொலைக்காட்சி என்று வைஃபை சாதனங்கள் பெருகப் பெருக அவருக்கு வேலை எளிதாகிறது.

தடுப்பு உண்டா? அதே குழு ஒரு வழியைச் சொன்னது: ரௌட்டர் மற்ற சாதனங்களின் பெயரில் போலிச் சிக்னல்களை இடையிடையே கலந்து அனுப்பினால், வெளியே இருப்பவருக்கு எது உண்மை நடுக்கம், எது போலி என்று பிரித்தறிவது கடினமாகிறது. பொதுவாகச் சந்தையில் உள்ள ரௌட்டர்களில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. கைவசம் இருப்பவை எளிய வழிகள்தான். ரௌட்டரை வெளிச்சுவரை ஒட்டியோ சன்னலுக்கு அருகிலோ வைக்காமல் வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றலாம். அலை அனுப்பும் திறனைத் தேவைக்கு ஏற்பக் குறைக்கலாம். கம்பி வழியே இணைக்கக்கூடிய தொலைக்காட்சி போன்றவற்றை அப்படியே இணைக்கலாம். இவை எதுவும் முழுத் தடுப்பு அல்ல. வெளியே கசியும் அலையைக் குறைக்கும், அவ்வளவே.

சட்டத்தைப் பொறுத்தவரை, நாட்டுக்கு நாடு நிலை வேறு. இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் 'கைலோ' வழக்கில் அளித்த தீர்ப்பைச் சொல்லலாம். ஒரு வீட்டின் சுவரிலிருந்து வெளிப்படும் வெப்பத்தைத் தெருவில் இருந்தபடியே கருவியால் படமெடுத்த காவல்துறை, அதற்கு நீதிமன்ற ஆணை பெற்றிருக்க வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. பொதுமக்களிடம் பரவலாகப் புழங்காத கருவி என்பதும் அந்தத் தீர்ப்பில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வைஃபையோ எல்லோரிடமும் இருக்கிறது. அந்தக் காரணம் இங்கே எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்கு ஐயம் உண்டு. மேலும் அது அரசின் கையைத்தான் கட்டுகிறது, பக்கத்து வீட்டுக்காரரின் கையை அல்ல.

கேள்வி: வீட்டில் உள்ள ரௌட்டரையே கொண்டு சிறு அளவில் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். என்ன வேண்டும்? புதிய ரௌட்டர் வாங்கத்தான் வேண்டுமா?
– மின்னணுவியலில் ஆர்வமுள்ள வாசகர்

பதில்: வேண்டியதில்லை. இரண்டு தடங்கள் கொண்ட முழுமையான பாசிவ் ரேடாருக்கு மென்பொருள் வழி இயங்கும் வானொலிக் கருவி தேவை. விலையும் உழைப்பும் அதிகம். எளிய வழி, அலை வரும் பாதையின் நிலையைப் பற்றி வைஃபை சில்லு தானே எடுத்துவைக்கும் கணக்கைப் படிப்பது. 2011-இல் இன்டெல் 5300 என்ற வைஃபை அட்டையிலிருந்து இந்தக் கணக்கை வெளியே எடுக்கும் மென்பொருள் வெளியான பிறகே இத்துறையில் ஆய்வுகள் பெருகின. இன்று இஎஸ்பி32 என்ற சிறு சில்லுப் பலகையே இதைத் தருகிறது. ஒரு பலகையை ரௌட்டரோடு இணைத்து, நொடிக்கு நூறு முறை ரௌட்டர் பதில் அனுப்பும்படி செய்து, வரும் எண்களைக் கணினியில் வரைபடமாக்கிப் பாருங்கள். வெறும் அறையில் கோடுகள் ஏறத்தாழ அசையாமல் கிடக்கும். நீங்கள் குறுக்கே நடந்தால் துள்ளும்.

எங்கே வைப்பது என்பது முக்கியம். ரௌட்டருக்கும் பலகைக்கும் இடையே 10 மீட்டர் என்றால், அந்த நேர்கோட்டின் நடுவில் இரு பக்கமும் அரை மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்துக்குள்தான் அலை பெரும்பங்கு செல்கிறது. அதற்குள் ஆள் வரும்போது கிடைக்கும் மாற்றம் மிகப் பெரியது. ஆகவே கதவு அல்லது நடைபாதை அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டும்படி இரண்டையும் வையுங்கள். அறையின் மூலையில் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு எதுவும் தெரியவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் பலர்.

ரௌட்டரை மாற்றுவதாக இருந்தால், வைஃபை வழி உணர்தலுக்காகவே 802.11பிஎஃப் என்ற தர விதி 2025-இல் வந்துவிட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எப்போது, எந்த இடைவெளியில் அளப்பது, அளந்ததை எப்படித் தெரிவிப்பது என்பதை சாதனங்கள் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ள அது வழி செய்கிறது. இரவில் அலை போதாமல் போகும் சிக்கலும் அதனால் தீரும். அதன்படி இயங்கும் ரௌட்டரை வாங்கினால், உணர்தல் வசதி தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கிறதா, அதை நிறுத்த முடியுமா, பதிவுகள் வீட்டிலேயே தங்குகின்றனவா அல்லது தயாரித்த நிறுவனத்தின் கணினிக்குப் போகின்றனவா என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு பொருத்துங்கள்.